சோமசெற்றும் அதன் சொந்தக்காரரும்

மோட்டார்க் கார்மீது பற்றுடையோரைப் பொதுவாக இரு திறத்தினராகப் பகுத்து நோக்கலாம். ஒரு திறத்தினர் வேகத்தை விரும்புவோர். மற்றைய திறத்தினர் பகட்டை விரும்புவோர். முன்னவருக்குக் கார் ஓடவேண்டும். பின்னவருக்குத் தமது கார் ஓடுவதைப் பிறர் காணவேண்டும். இவ்விரு திறத்தினுள்ளும் அடங்காதோர் சிலர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உளர். இவர்களுடைய கார் பெரும்பாலும் ஓடுவதில்லை. கிடுகு வேய்ந்த கொட்டிலினுள்ளோ தகரக் கூரையின் கீழோ அது நிற்கும். அவர்களும் அதனருகே நிற்பர். மூடியைத் திறப்பர், எதையோ தளர்த்துவர், தளர்த்தியதை மீண்டும் முறுக்குவர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குட் செல்வர். அயலவர் இதனைப் பித்து என்பர். அத்தகைய பித்தர் ஒருவரின் நாளாந்த எண்ணங்களைச் சற்று நெருங்கி நோக்குவதே ஈண்டு கருதப்பட்டது.

அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். அரச அலுவலகம் ஒன்றில் இலிகிதர். (அப்பதவிக்கு இக்காலத்தில் வேறு நீண்ட பெயர் வழங்குகின்றது, வேலை மாறவில்லை.) அலுவலகத்திற்கு மோட்டார்ச் சைக்கிளிற் போய் வருகின்றார். கொட்டிலில் நிற்பது 1953ஆம் ஆண்டின் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். தந்தையாரின் வாடகைக் கார் அது. 1960களின் தொடக்கத்தில் அவர் அதனை இரண்டாங் கையாக வாங்கி, மகப்பேற்றுக்கும் மணவறைக்கும் மருத்துவமனைக்கும் ஊராரை ஏற்றிச் சென்று, அதன் வருவாயிற் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

சோமசெற் என்பது இங்கிலாந்தின் மாவட்டம் ஒன்றின் பெயர். டெவன், டோர்செற், ஹாம்ப்சயர் எனத் தம் நாட்டு மாவட்டங்களின் பெயர்களையே ஒஸ்ரின் கம்பனியார் அக்காலத்தில் தம் கார்களுக்கு இட்டனர். பேர்மிங்கத்தின் அருகேயுள்ள லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை ஒரு இலட்சத்து எழுபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சோமசெற்றுகள் செய்யப்பட்டன. உருண்டு திரண்ட உடல். மூக்கின்மேற் சிறகு விரித்த ஏ எழுத்து. சுக்கானின் தண்டிலேயே பொருத்திய கியர்க் கோல். திரும்பும்போது தூணிலிருந்து கை நீட்டிக் காட்டும் சிறு விளக்கு. 1,200 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு உருளை இயந்திரம், நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட குதிரை வலுவையே தருவது. இன்றைய சிறு யப்பானியக் காரொன்றும் இதனை எளிதில் விஞ்சும். ஆயினும், உடல் வேறு சட்டகம் வேறாக அமைந்த பழைய கட்டுமானம் ஆதலால், சாதாரண ஒட்டுவேலை தெரிந்த எவரும் இதனைத் திருத்தலாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இவ்வகைக் கார்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றுபிடித்தமைக்கு இவ்வெளிமையே முதற் காரணம் எனலாம். சிக்கனம் என்று நாம் பெருமைப்படுவது அதன் பின்னரே வரும்.

கார் அன்பர் இருவர் சந்தித்தால் ஒஸ்ரினா, மொறிஸா என்ற வாதம் எழாமல் இராது. மொறிஸ் மைனரின் பக்கத்தார் அலெக் இசிகோனிசின் பெயரைச் சொல்வர். சிமிர்னாவிற் பிறந்து இங்கிலாந்துக்கு வந்த அப்பொறியியலாளர், மைனரின் மாதிரி வண்டி ஒடுக்கமாயிருக்கின்றது என்று கண்டு அதனை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்தார் என்பது வரலாறு. மைனரின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான மேடு அந்நான்கு அங்குலத்தின் அடையாளமே. சோமசெற்றுக்குச் சொல்லிக்கொள்ள இத்தகைய கதை ஒன்றுமில்லை; அதனை அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால், மைனர்காரர் அளவுகடந்து பேசும்போது, 1952ஆம் ஆண்டிலேயே இரு கம்பனிகளும் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனமாக ஒன்றிணைந்துவிட்டன என்பதை நினைவூட்டுவார். இங்கிலாந்தில் எழுபதாண்டுகளுக்கு முன்னர் தீர்ந்த சண்டையை நாம் நல்லூரில் நடத்துகின்றோம் என்பது அவர் கருத்து.

அவருக்கு மிகவும் பிடித்த செய்தி மற்றொன்று. 1952 இறுதியில் யப்பானின் நிசான் கம்பனி ஒஸ்ரினுடன் உடன்படிக்கை செய்து, அடுத்த ஆண்டு முதல் இதே சோமசெற்றைத் தன் நாட்டிற் பொருத்தியது. பாகங்களைக் கொண்டு சென்று பொருத்தப் பழகியோர் பின்னர் அவற்றைத் தாமே செய்யப் பழகினர். பின்னர் அதனினும் நல்லனவற்றைச் செய்தனர். இறுதியிற் கற்பித்தவரின் தொழிற்சாலை மூடப்பட்டது. லோங்பிறிட்ஜின் பெருந் தொழிற்சாலை 2005ஆம் ஆண்டில் ஓய்ந்தபோது, அதன் பழைய மாணாக்கரின் வண்டிகளே யாழ்ப்பாணத் தெருவெங்கும் ஓடின. “பழைய இயந்திரத்தை எறிந்துவிட்டு யப்பான் டீசல் இயந்திரம் ஒன்றைப் பூட்டுங்கோ” என்று அறிவுரை கூறுவோருக்கு, “பேரன்ரை நெஞ்சை எடுத்துப் பாட்டனுக்கு வைக்கச் சொல்லுறியள்” என்று மறுமொழி கூறிவிட்டு அவர் தம் வேலையைப் பார்ப்பார்.

நாள் தொடங்குவது அதிகாலை ஐந்து மணிக்கு. சாயம் கூடிய வெறுந்தேநீரும், கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும். கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குச் சென்று காரின் முன்னிருக்கையில் அமர்ந்துகொள்வார். இக்காலக் கார்களிற் கோப்பை வைப்பதற்கென்று குழிகள் உண்டு. ஓட்டுவதைவிடக் குடிப்பதே முதன்மையோ என்று எண்ணத்தக்க அளவில் அவை பெருகிவிட்டன. சோமசெற்றில் அவ்வாறு ஒன்றுமில்லை. ஒரு கையிற் கோப்பை, மறு கை சுக்கானில். அரைமணி நேரம் இப்படியே கழியும். இடையிற் கியரையும் ஒருமுறை மாற்றிப் பார்ப்பதுண்டு என்று வீட்டார் கூறுவர்.

தேநீரைப் பற்றி அவரிடம் நெடுங்காலம் ஒரு கொள்கை இருந்தது. குளிர்ந்துபோன இயந்திரத்தை எழுப்புதற்குக் காபரேற்றரில் விடும் சில துளி பெற்றோலைப் போன்றது காலைத் தேநீர் என்பதே அது. கிளிநொச்சியிற் பொறியியல் பயிலும் மகள் இக்கொள்கையைக் குலைத்துவிட்டாள். ஜேர்மானிய இரசாயனவியலாளர் றுங்கே, கவிஞர் கோதே கொடுத்த கோப்பிக் கொட்டைகளை ஆராய்ந்து 1819ஆம் ஆண்டிற் பிரித்தெடுத்த பொருள் கஃபீன். தேயிலையிலும் இருப்பது அதுவே. அது உடலுக்கு வலு எதனையும் தருவதில்லை. மனிதன் விழித்திருக்க விழித்திருக்க அவன் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்கின்றது. அது தனக்குரிய ஏற்பிகளிற் போய்ப் பொருந்தும்போது களைப்புத் தோன்றுகின்றது. கஃபீன் அவ்விடங்களைத் தான் பிடித்துக்கொள்கின்றது. களைப்பு உள்ளதெனினும் உணரப்படுவதில்லை. “அப்பா, அது பெற்றோல் விடுறது இல்லை, பெற்றோல் முடியுது எண்டு காட்டுற ஊசியை மறைக்கிறது” என்றாள் மகள். இவ்வுவமை தம்முடையதினும் சிறந்தது என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். ஆனாலும் தேநீரை விடவில்லை. ஊசி மறைந்த அந்த அரைமணி நேரத்தில் வரும் எண்ணங்கள் வேறெப்போதும் வருவதில்லை என்று கூறுகின்றார். அவ்வெண்ணங்களுட் பாதி கார். மீதி சிறு பராய விளையாட்டு.

நுங்குக் கோம்பைகள் இரண்டை ஒரு தடியிற் கோத்து, கவட்டுக் கம்பாற் தள்ளிச் செல்லும் வண்டிலே அவர் ஓட்டிய முதல் வாகனம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கும் அவ்வாறே. சில்லும் அச்சும் சாலையின் தன்மையும் அதிலேயே கற்கப்பட்டன. அடுத்தது இலக்கத் தகட்டு விளையாட்டு. படலையடியில் அமர்ந்து தெருவிற் செல்லும் கார்களின் தகடுகளை நோக்குவர். இலங்கையின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.என்., சி.எல். போன்ற எழுத்திணைகள் கொண்ட பழைய வண்டிக்கு மூன்று புள்ளி. ஸ்ரீ எழுத்து வண்டிக்கு இரண்டு. இலக்கங்கள் மட்டும் கொண்ட புதிய வண்டிக்கு ஒன்று. அந்த ஸ்ரீ எழுத்தின்மேல் 1957, 1958ஆம் ஆண்டுகளிற் தார் பூசப்பட்டதும், அதனையொட்டி நாட்டிற் குருதி சிந்தியதும் அச்சிறுவர் அறியாதவை. அவர்களுக்கு அது வெறும் இரண்டு புள்ளி. வீட்டுக்காரே மூன்று புள்ளி பெறுவது ஆதலால், தந்தையார் வாடகைக்குப் புறப்படுந்தோறும் தமக்கே புள்ளி என்று அவர் வாதிடுவார். இவ்வழக்கு என்றும் தீர்ந்ததில்லை.

மூன்றாவது விளையாட்டு வேற்றுலகத்திலிருந்து வந்தது. கப்பலில் வேலை செய்த மாமனார் ஒருவர், 1980களின் தொடக்கத்தில் விடுமுறையில் வந்தபோது உள்ளங்கையளவான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் மற்றெல் கம்பனி 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஓட்டோ றேஸ்’ அது. கையடக்க மின்னணு விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. கணிப்பொறிச் சில்லு ஒன்றின் ஐந்நூற்றுச் சொச்சம் பைற்று நினைவினுள் முழு ஆட்டமும் அடக்கப்பட்டிருந்தது. படம் என்று கூற எதுவுமில்லை. மூன்று தடங்கள், அவற்றிற் சிறு சிவப்புக் கோடுகள். கீழே உள்ள கோடு விளையாடுபவனின் கார். மேலிருந்து இறங்குவன எதிர்ப்படும் கார்கள். தொண்ணூற்றொன்பது விநாடிக்குள் நான்கு சுற்று முடித்தல் வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவே தோன்றாது. அக்காலத்தில் ஊரிற் பாதிச் சிறுவர் அப்பெட்டிக்காக வரிசையில் நின்றனர்.

அதில் ஒரு புதுமையை அவர் சிறுவராயிருக்கும்போதே கண்டார். கார் ஓடுவதில்லை, இருந்த இடத்தில் இருந்து இடமும் வலமும் விலகுகின்றது. சாலையே காரை நோக்கி வருகின்றது. இந்த எண்ணத்தின் பொருள் அவருக்கு விளங்கியது பின்னாளில், அவருக்குப் பதினாறு வயதானபோது.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல் தடை; டீசல் தடை; கைவிளக்குக்கான பற்றறியும் தடை. குடாநாட்டின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவ்வாறு நின்றவற்றுள் ஒரு பகுதி மீண்டும் எழுந்தது மண்ணெண்ணெயினால். இதனை யாழ்ப்பாணத்தாரின் புதுப்புனைவு என்று பேசுவோர் உளர். முற்றிலும் அவ்வாறன்று. தோட்டக் கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் நெடுநாளாகப் பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெயில் ஓடியவையே. ஆங்கிலேயரின் பழைய உழவு இயந்திரங்களிலும் இரு அறை கொண்ட தாங்கியும் ஒரு திருகு குழாயும் இருந்தன. தோட்டத்திலிருந்து இவ்வறிவைத் தெருவுக்குக் கொண்டுவந்ததே நம்மவர் செயல். அது சிறிய செயலன்று.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த இயந்திரத்தில் அது திரவமாகவே கிடந்து பிளக்கை நனைக்கும். எனவே சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, உட்குழாய்கள் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மேலும் அது அழுத்தத்தைப் பொறுக்காது. உருளைக்குள் உரிய கணத்திற்கு முன்னரே வெடித்துத் தட்டும். சோமசெற்றின் அழுத்த விகிதம் ஏழுக்குச் சற்று மேல். மண்ணெண்ணெய்க்கு அதுவும் மிகை. ஆதலின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையே இரட்டைக் கஸ்கற் இட்டு அழுத்தத்தைக் குறைத்தனர். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனை அடிக்கடி மாற்றவேண்டும். மாற்றுதற்கு எண்ணெயும் இல்லை. இவ்வாறு ஒன்றைத் தீர்க்க ஒன்று முளைக்கும். தந்தையாரின் காருக்குக் கடைச்சற்பட்டறை ஒன்றிற் பித்தளையிற் கடைந்த மூவழிக் குழாய் பொருத்தப்பட்டது. ஒரு வழி பெரிய தாங்கியின் மண்ணெண்ணெய்க்கு, ஒரு வழி பால்மாத் தகரத்தில் ஒட்டிய சிறு தாங்கியின் பெற்றோலுக்கு, மூன்றாவது காபரேற்றருக்கு. அக்குழாயின் கைபிடியிற் பட்டறைக்காரர் உளியால் ‘பெ’, ‘ம’ என்று இரண்டு எழுத்துகளைப் பொறித்திருந்தார்.

பெற்றோல் ஒரு மருந்துப் போத்தலளவே வீட்டில் இருந்தது. அது வைக்கப்பட்ட இடம் சாமியறை, படங்களின் பின்புறம். விளக்கு எரியும் இடத்திற் பெற்றோலை வைத்தது அறிவுடைமையா என்று இன்று கேட்கலாம். வீட்டில் எவரும் கைவைக்க அஞ்சும் இடம் வேறு இருக்கவில்லை. அப்போத்தல் இறக்கப்பட்டால் ஊரில் யாரோ ஒருவரின் உயிர் ஊசலாடுகின்றது என்பது பொருள். பிரசவ வலி கண்ட பெண், பாம்பு கடித்த சிறுவன், குண்டுச் சிதறல் பட்ட கிழவர். தந்தையார் போத்தலைத் தூக்கி வெளிச்சத்திற் பார்ப்பார். எத்தனை துளி என்று எண்ணுவது போலிருக்கும். மகன் ஹாண்டிலைச் சுழற்றுவான். இயந்திரம் எழுந்ததும் குழாயைத் திருப்பும் பணியும் மகனுடையதே. முன்கூட்டித் திருப்பினால் இயந்திரம் இருமி அணையும்; இன்னொரு முறைக்குப் பெற்றோல் வேண்டும். பிந்தித் திருப்பினால் வீணே துளிகள் போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட கணத்தை ஓசையால் அறியவேண்டும். பதினாறு வயதுச் சிறுவனிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவருடைய காது இன்றும் அக்கணத்திற்காகவே காத்திருப்பது போலத் தோன்றுகின்றது. பித்து என்று அயலவர் கூறுவது இதனையே.

வேறு நாட்களிற் கார் அசைவற்று நிற்கும். அதனுள் அமர்ந்தே அவர் படித்தார். விளையாட்டுப் பெட்டியும் பற்றறியின்றி ஊமையாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்ட காலம் அது. அதே டைனமோவுடன் அப்பெட்டியை இணைக்க அவரும் ஒன்றுவிட்ட தம்பியாரும் முயன்று வென்றனர். தம்பி சுழற்றுவான், அண்ணன் விளையாடுவார். சுழற்சி ஒரு கணம் தளர்ந்தாலும் சிவப்புக் கோடுகள் மங்கி ஆட்டம் தொடக்கத்திற்குத் திரும்பிவிடும். நான்கு சுற்றும் முடிந்தது ஒரேயொரு முறை என்று கூறுகின்றார். நின்ற காருக்குள் அமர்ந்து, நிற்கும் சைக்கிளின் மின்னில், அசையாத சிவப்புக் காரை ஓட்டிய அந்த மாலைகளையே அவர் அதிகாலைத் தேநீருடன் திரும்பத் திரும்ப எண்ணுகின்றார். அக்காலத்துத் தேநீர் எனப்பட்டது பல நாட்களில் மல்லியும் சுக்கும் இட்டுக் கொதிக்கவைத்த நீரே. அதிற் கஃபீன் இல்லை என்று மகள் கூறுவாள். ஆயினும் அன்று எவருக்கும் உறக்கம் வரவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். கார் கொட்டிலிலேயே விடப்பட்டது. அதன்மேற் கிடுகும் தென்னோலையும் குவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு திரும்பிவந்தபோது சில்லுகள் நான்கும் பற்றறியும் இல்லை. கதவொன்றிற் துளைகள். குழாய் மட்டும் அப்படியே இருந்தது. பித்தளை என்று எவரும் கண்டுகொள்ளாத அளவுக்குக் கரி படிந்திருந்தமையே அதனைக் காத்தது. தந்தையார் அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருள் வற்றியபோது தெற்கிலுள்ளோர் பலர் முதன்முறையாக அந்நிலையைக் கண்டனர். யூன் இறுதியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் வழங்குவதே நிறுத்தப்பட்டது, பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். சோமசெற்றின் இலக்கத்தையும் அவர் பதிந்துகொண்டார். எரிபொருளை வாகனத்தின் தாங்கியிலேயே அடிப்பர் ஆதலின், பெற்றோல் எடுப்பதற்கென்று மட்டும் கிழமைக்கு ஒருமுறை அக்கார் நிலையத்திற்குப் போய் வந்தது. முப்பது ஆண்டுகளில் அது மிகுதியாக ஓடியது அக்காலத்திலேயே என்பது வேடிக்கைதான். வரிசையில் நின்ற இளைஞர் சிலர் அக்காருடன் படம் எடுத்துக்கொண்டனர். குழாயைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

அதனைப் பற்றி முதன்முதலிற் கேட்டவர் கொழும்பிலிருந்து வந்த அன்பர் ஒருவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய கார்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியிற் கதவு மீண்டும் திறந்த பின்னரும் சோமசெற் போன்றவற்றை நாடுவோர் குறையவில்லை. வந்தவர் நல்லவர், கார் அறிந்தவர். மூடியைத் திறந்து அரைமணி நேரம் பேசாமல் நின்றார் என்பதே அவரைப் பற்றிய நற்சான்று. அவர் கூறிய விலை இலிகிதர் ஒருவர் கனவிலும் எண்ணாத தொகை. மகள் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல விரும்புகின்றாள். முதலாண்டுக்கு வேண்டிய பணம் வீட்டில் இல்லை. அத்தொகை அதற்குப் போதும்; மிஞ்சவும் கூடும்.

பேச்சு முடியுந் தறுவாயில் வந்தவர் பித்தளைக் குழாயைத் தொட்டுக் காட்டி, “இதை மட்டும் எடுத்துவிடுவம், ஐயா, மூலத்தில இல்லாத சாமான். லோங்பிறிட்ஜில இருந்து வந்தமாதிரியே ஆக்கப் போறன்” என்றார். சிறு தாங்கியும் போகும். இரட்டைக் கஸ்கற்றும் போகும். கதவின் துளைகள் அடைபட்டுப் புதிய வர்ணம் ஏறும். பழைய கார்களைப் பேணுவோரின் அறத்தில் இது தவறன்று. உலகெங்கும் அவ்வாறே செய்கின்றனர். தொழிற்சாலையை விட்டு வந்த நாளே காரின் மெய்யான நாள் என்பது அவர்களது துணிபு. ஆயின் அந்நாள் இக்காரின் வாழ்நாளில் ஒன்றே ஒன்று. பேர்மிங்கத்தில் ஒரு பகல் கழித்த அது யாழ்ப்பாணத்தில் எழுபது ஆண்டு கழித்தது. இவற்றுள் எது மூலம் என்று தீர்ப்பது அத்துணை எளிதன்று. பித்தளைக் குழாயைக் கழற்றினால் அது இன்னும் நல்ல சோமசெற் ஆகலாம். தந்தையாரின் கார் ஆகுமா என்பதே வினா. விற்ற பின்னர் அது யாருடைய கார் என்றும் எதிர்வினா எழும். அவர் அதனையும் எண்ணாமல் இல்லை.

தைப்பொங்கலுக்குள் விடை கூறுவதாகச் சொல்லி அனுப்பினார். அதன் பின்னர் அதிகாலைத் தேநீர் இரண்டு கோப்பை ஆயிற்று. மனைவியார் ஒன்றும் கூறவில்லை. பனங்கட்டியை மட்டும் குறைத்துவிட்டார்.

கிழமை இறுதியில் மகள் வீடு வந்தாள். விலையைப் பற்றி அவளிடம் எவரும் பேசவில்லை. அவள் எவ்வாறோ அறிந்திருந்தாள். கொட்டிலுக்கு வந்து, மூடியின் கீழே குனிந்து, ‘பெ’, ‘ம’ எழுத்துகளை விரலாற் தடவிப் பார்த்து, “அப்பா, நீங்கள் இதைத் திருப்பி நான் ஒருநாளும் காணேல்லை” என்றாள். அவர் வாயால் விளக்கத் தொடங்கினார். அழுத்த விகிதமும் ஆவியாதலும் அவள் அறிந்தவையே. அறியாதது அந்த ஓசை. அதனை வாயாற் கூற இயலவில்லை. எனவே மோட்டார்ச் சைக்கிளிலிருந்து சிறிது பெற்றோல் வடித்தனர். பெரிய தாங்கியில் எஞ்சியிருந்ததை ஒரு கானுக்கு மாற்றிவிட்டு, குசினியிலிருந்து இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் எடுத்து ஊற்றினர். அவர் ஹாண்டிலைச் சுழற்றினார். மூன்றாஞ் சுழற்சியில் இயந்திரம் எழுந்தது. கோப்பையை மட்காட்டில் வைத்துவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றவர், நெடுநேரத்தின் பின், “இப்ப” என்றார். அவள் குழாயைத் திருப்பினாள். சற்றே முந்திவிட்டது. இயந்திரம் இருமியது, தட்டியது, அணையப் போவதுபோற் தாழ்ந்தது, பின்னர் கரகரத்த குரலிற் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு ஓடலாயிற்று. வெண்புகை கொட்டிலை நிறைத்தது.

“இஞ்சாருங்கோ, சோறெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கப் போகுது” என்று குசினியிலிருந்து குரல் வந்தது. யன்னல் ஒன்று அடைபட்டது. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு நிமிடம் ஓடியது. நிறுத்தப் போனவளை அவர் கையமர்த்தி, குழாயை முதலிற் பெற்றோலுக்குத் திருப்பச் சொன்னார். ஏன் என்று கேட்டாள்.

“காபரேற்றரில மண்ணெண்ணெய் நிண்டா நாளைக்கு எழும்பாது, பிள்ளை.”

அவள் குழாயைத் திருப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, பின்னர் நிறுத்தினாள்.